ஒரே மோட்டார், இரண்டு வேகம்: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பள்ளியில் ரோபோட்டிக் குழுவைக் கவனிக்கும் பொறுப்பு உங்களுக்கு இருந்தால், இந்தப் புகாரை நீங்களும் கேட்டிருப்பீர்கள்: "சார், வண்டி நேரா போக மாட்டேங்குது. இடது பக்கமே இழுக்குது."

நான் தமிழ் போதிப்பவன். புறப்பாட நடவடிக்கையில் இந்தக் குழு என் கைக்கு வந்தது. சென்ற ஆண்டு போட்டிக்கு நான்கு நாள் இருந்தபோது, படிவம் 2 மாணவன் ஒருவன் இதே புகாரோடு வந்தான். நான் வேறு வேலையில் இருந்தேன். "மோட்டார் போயிருக்கும்டா" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவன் தன் கைச்செலவுக் காசில் புது மோட்டார் வாங்கி வந்து மாட்டினான். வண்டி அப்போதும் இடது பக்கமே திரும்பியது. "புதுசும் ரோசாக் சார்" என்றான்.

மோட்டாரில் ஒரு பழுதும் இல்லை. இடது சக்கரம் வண்டியின் அடிப்பலகையை உரசிக்கொண்டிருந்தது. சக்கரத்தைச் சற்று வெளியே இழுத்ததும் வண்டி நேராக ஓடியது. பார்க்காமல் நான் சொன்ன ஒரு சொல், அவன் காசைக் கரைத்துவிட்டது. ஊகிக்காமல் சோதிப்பது எப்படி என்பதை அதற்குப் பிறகுதான் நானும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

வேகம் ஏன் மாறுகிறது?

மாணவர் வண்டிகளில் நாம் அதிகம் பார்ப்பது மஞ்சள் நிறப் பல்சக்கரப் பெட்டியோடு வரும் சிறிய மோட்டார். அதற்குள் நிலைக்காந்தமும், சுழலும் கம்பிச் சுருளும், திசைமாற்றியும், அதைத் தொட்டு மின்னோட்டம் கொடுக்கும் இரண்டு பிரஷ்களும் இருக்கின்றன. காந்தத்தின் வலிமை, சுருளின் மின்தடை, பிரஷ் அழுத்தும் அளவு, பல்சக்கரத்தின் உராய்வு இவை எல்லா மோட்டாரிலும் அச்சு அசலாக ஒன்றாய் இருப்பதில்லை. ஆகவே, சிறு வேறுபாடு இயல்புதான். பெரிய வேறுபாட்டுக்கோ ஒரு காரணம் இருக்கும்.

அந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போதும். மோட்டார் சுழலும்போது, தானும் ஒரு மின்னழுத்தத்தை எதிர்த்திசையில் உண்டாக்குகிறது. இது வேகத்துக்கு ஏற்பக் கூடும், குறையும்.

எதிர் மின்னழுத்தம் = கொடுத்த மின்னழுத்தம் − (மின்னோட்டம் × சுருளின் மின்தடை)

எடுத்துக்காட்டாக, இரண்டு மோட்டாருக்கும் 5 வோல்ட் கொடுக்கிறோம், சுருளின் மின்தடை 4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். தடையின்றி ஓடும் மோட்டார் 0.2 ஆம்பியர் எடுத்தால் மிஞ்சுவது 4.2 வோல்ட். உரசிக்கொண்டு ஓடும் மோட்டார் 0.35 ஆம்பியர் எடுத்தால் மிஞ்சுவது 3.6 வோல்ட். அதாவது, உரசும் மோட்டார் ஏறக்குறைய 14 விழுக்காடு மெதுவாக ஓடும். சுமை கூடினாலும் வேகம் குறையும்; மோட்டாருக்கு வந்து சேரும் மின்னழுத்தம் குறைந்தாலும் வேகம் குறையும். நம் வேலை, இதில் எது நடக்கிறது என்று பார்ப்பது.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

சக்கரத்தில் சிறு வெள்ளை டேப் ஒட்டுங்கள். வண்டியைத் தூக்கிப் பிடித்து ஓடவிட்டு, கைபேசியில் மெதுவோட்டக் காணொளி எடுங்கள். 10 விநாடியில் ஒவ்வொரு சக்கரமும் எத்தனை சுற்று என்று எண்ணி, 6ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும்.

தூக்கிப் பிடித்தால் இரண்டும் சமம், தரையில் விட்டால்தான் இழுக்கிறது என்றால், மோட்டாரை விட்டுவிடுங்கள். மின்கலப் பெட்டி ஒரு பக்கமாக இருக்கிறதா, டயர் வழுக்குகிறதா, முன் உருளை சிக்குகிறதா என்று பாருங்கள்.

படி 2: இடம் மாற்றிப் பாருங்கள்

இதுதான் முக்கியமான சோதனை. செலவே இல்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஓட்டுநர்ப் பலகையில் இடது மோட்டாரின் கம்பிகளை வலது இடத்திலும், வலது மோட்டாரின் கம்பிகளை இடது இடத்திலும் செருகுங்கள். சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால், அந்த மோட்டாரின் இரண்டு கம்பிகளையும் தமக்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.

மெதுவான வேகம் அடுத்த சக்கரத்துக்குப் போய்விட்டால், பழுது பலகையிலோ நிரலிலோ இருக்கிறது: படி 4. அதே சக்கரமே மெதுவாக ஓடினால், பழுது அந்தப் பக்கத்து மோட்டார், அதன் கம்பி, பல்சக்கரம், சக்கரம் ஆகியவற்றில் ஒன்று: படி 3. அன்று இந்தச் சோதனையையும் அடுத்த படியையும் செய்திருந்தால், என் மாணவன் கடைக்கே போயிருக்க மாட்டான்.

படி 3: அதே சக்கரம் மெதுவாக ஓடினால்

சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள். வேகம் சமமாகிவிட்டால், உரசலோ, அச்சில் சுற்றிய முடியோ நூலோதான் காரணம். ஆகவில்லை என்றால், பெட்டியைப் பிடித்திருக்கும் திருகை மிகவும் இறுக்கிவிட்டோமா என்று பாருங்கள். மோட்டாரின் முனையில் பற்றவைத்த கம்பி ஆடுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது பிரஷ். புது மோட்டாரில் பிரஷ் திசைமாற்றியோடு இன்னும் சரியாகப் படிந்திருக்காது. சுமையில்லாமல் 3 வோல்ட்டில் சில நிமிடம் ஓடவிட்டால் படியும்.

இன்னொன்று பலருக்குத் தோன்றாது. மோட்டார்கள் எதிரெதிராகப் பொருத்தப்படுவதால், வண்டி முன்னே போகும்போது ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றது இடஞ்சுழியாகவும் சுழல்கிறது. பிரஷ் நடுநிலையிலிருந்து சற்று விலகியிருந்தால், ஒரே மோட்டாரே ஒரு திசையில் வேகமாகவும் மறு திசையில் மெதுவாகவும் ஓடும். இரு திசையிலும் ஓட்டி எண்ணிப் பாருங்கள்.

படி 4: பழுது இடம் மாறினால்

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் இரு முனைகளிலும் மின்னழுத்தத்தை அளந்திடுங்கள். ஓடாதபோது மின்கலத்தை அளந்து பயனில்லை. எல்-298-என் வகைப் பலகை ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். அது இரண்டு பக்கமும் பொது. ஒரு பக்கம் மட்டும் குறைந்தால், திருகு முனை தளர்ந்திருக்கும், அல்லது பலகையின் அந்தப் பக்கமே பழுதாகியிருக்கும். சதுர 9 வோல்ட் மின்கலமும் வேண்டாம். மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தை அதனால் தாக்குப்பிடித்துக் கொடுக்க முடியாது.

நிரலையும் பாருங்கள். ஆர்டுயினோ ஊனோவில் 5, 6ஆம் முனைகளின் துடிப்பு விநாடிக்குச் சுமார் 980. மற்ற வேகக்கட்டுப்பாட்டு முனைகளில் சுமார் 490. ஒரு மோட்டார் 5இலும் மற்றது 9இலும் இருந்தால், இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தாலும் வேகம் மாறலாம், குறிப்பாக மெதுவாக ஓட்டும்போது.

படி 5: கடைசியாகத்தான் எண்ணைத் திருத்த வேண்டும்

எல்லாம் சரிபார்த்த பிறகு மிஞ்சும் சிறு வேறுபாட்டுக்கு, வேகமான மோட்டாரின் எண்ணைக் குறைத்துவிடுங்கள்: 200 என்பதை 190 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். முதலிலேயே இதைச் செய்தால் பழுது மறையும், தீராது. மின்கலம் இறங்கியதும் வண்டி மறுபடி இழுக்கும். நிலையான தீர்வு வேண்டுமென்றால், துளைத்தட்டும் உணரியும் பொருத்தி, சுற்றை எண்ணித் தானே திருத்திக்கொள்ளும்படி நிரல் எழுத வேண்டும்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

மின்னோட்டம் கூடினால் மோட்டாரின் வேகம் கூடும் என்று படிவம் 5 இயற்பியலில் படித்திருப்பீர்கள். மேலே உள்ள கணக்கிலோ, அதிக மின்னோட்டம் எடுத்த மோட்டார்தான் மெதுவாக ஓடியது. முரண்பாடு இல்லை. சுமை மாறாதபோது மின்னழுத்தத்தைக் கூட்டினால், சுருளில் விசை கூடி மோட்டார் வேகமெடுக்கும். இங்கே மின்னழுத்தம் மாறவில்லை, சுமைதான் கூடியது. விடை எழுதும்போது, எது மாறியது, எது மாறவில்லை என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.

வகுப்பில் பயன்படுத்த

மாணவர்களை "மாற்றியது, கண்டது, முடிவு" என்று மூன்று கட்டங்களில் குறித்துவரச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். அந்தக் குறிப்பையே "எனவே", "ஏனெனில்" போன்ற இடைச்சொற்களால் இணைத்தால், நல்ல விளக்கக் கட்டுரை ஒன்று கிடைத்துவிடும்.

சிந்திக்க இரண்டு வினாக்கள்:

1. முன்னே போகும்போது இடது பக்கம் இழுக்கும் வண்டி, பின்னே போகும்போது நேராகப் போகிறது. எதை முதலில் சந்தேகிப்பீர்கள்?
2. எண்ணைத் திருத்தி நேராக ஓடிய வண்டி, புது மின்கலம் போட்டதும் மறுபடி இழுக்கிறது. ஏன்?

அந்த மாணவனுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் வாங்கிய மோட்டார் எங்கள் அலமாரியில் இருக்கிறது. யாராவது வந்து "மோட்டார் போச்சு சார்" என்று சொன்னால், இப்போது அவனே கேட்கிறான்: "இடம் மாத்திப் பாத்தியா?"