நாட்பட்ட வலிக்கு அபினி வகை மருந்து: கையொப்பமிடுமுன் அறிய வேண்டியவை

இடுப்பு வலியோ மூட்டு வலியோ மாதக்கணக்கில் விடாமல் பற்றிக்கொண்டு, உறக்கத்தையும் உத்தியோகத்தையும் ஒருங்கே கெடுத்துவிட்ட ஸ்திதியில் இருக்கும் ஒரு மனிதரிடம், காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் நாள் முழுவதும் நிம்மதியாக இருக்கலாம் என்று யாராவது சொன்னால், அதை மறுக்கும் மனோதிடம் அவருக்கு எங்கிருந்து வரும்? மார்ஃபின், ஆக்சிகோடோன் போன்ற அபினி வகை மருந்துகளை உடம்புக்குள் சிறுகச் சிறுகக் கசியவிடும் மாத்திரைகளும், ஃபென்டனில், புப்ரினார்ஃபின் முதலியவற்றைத் தோல் வழியே செலுத்தும் ஒட்டுப்பட்டைகளும் இந்த நம்பிக்கையின்மீதுதான் எழுந்தன. அவை வலியைத் தணிப்பது மெய், அதில் விவாதமில்லை. ஆனால் வருஷக்கணக்கில் உட்கொள்ளப்படும் இம்மருந்துகள் வருஷக்கணக்கில் பரிசோதிக்கப்பட்டனவா என்ற கேள்விக்கு, வெகுகாலம் வரையில் இல்லை என்பதே விடையாக இருந்தது. வைத்தியசாலையில் இந்த மருந்தைப் பெறுகிறவரும், இதன் ஆராய்ச்சியில் பங்கேற்க அழைக்கப்படுகிறவரும் முதலில் அறிய வேண்டிய விஷயம் இதுதான்.

1980-ஆம் வருஷம் ஜனவரியில் அமெரிக்காவின் புகழ்பெற்ற வைத்தியப் பத்திரிகையான நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில், ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் வெளியாயிற்று. ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்ற இருவர் எழுதிய அக்கடிதம், ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களில் அபினி வகை மருந்து ஒருமுறையேனும் கொடுக்கப்பட்ட 11,882 பேரில், முன்பு அப்பழக்கமில்லாதிருந்து பின்னர் அடிமையானதாகத் தக்க ஆதாரத்துடன் தெரிந்தவர்கள் நால்வரே என்று கூறியது. வீட்டில் இருந்துகொண்டு நாள்தோறும் மாத்திரை விழுங்கும் முதுகுவலிக்காரரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. ஆயினும் இம்மருந்துகளால் அடிமைத்தனம் உண்டாவது அபூர்வம் என்பதற்கு அத்தாட்சியாக அதை நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எடுத்தாண்டன. 2017-இல் அதே பத்திரிகையில் வெளியான ஒரு கணக்கெடுப்பு, 608 இடங்களில் அது மேற்கோளாகக் காட்டப்பட்டிருப்பதையும், மேற்கோள் காட்டியவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர், கடிதத்தில் கணக்கிடப்பட்டவர்கள் ஆஸ்பத்திரி நோயாளிகள் என்ற விவரத்தைக் குறிப்பிடவே இல்லை என்பதையும் வெளிப்படுத்தியது. கடிதம் எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அதைப் படிக்காமலே எடுத்தாண்டவர்கள்தாம் பிழை செய்தார்கள் என்பது என் துணிபு.

இந்தச் சூழலில்தான், 1995 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் பர்டியூ ஃபார்மா என்னும் கம்பெனியின், ஆக்சிகோடோன் அடங்கிய ஆக்சிகான்டின் மாத்திரைக்கு அனுமதி வழங்கியது. மருந்து மெதுவாக இரத்தத்தில் கலப்பதால் தவறான உபயோகம் குறையும் என்று நம்பப்படுவதாக அதன் விவரக்குறிப்பிலேயே அச்சிடப்பட்டிருந்தது. அதை நிரூபிக்கும் பரிசோதனை எதுவும் நடத்தப்பட்டிருக்கவில்லை. மாத்திரையை நசுக்கிவிட்டால் பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே கணத்தில் கிடைத்துவிடும் என்பதை ஜனங்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். 2001-இல் அந்த வாசகம் நீக்கப்பட்டது. 2007-இல் பர்டியூவைச் சேர்ந்த ஒரு நிறுவனமும் அதன் உயர் அதிகாரிகள் மூவரும் மருந்தைப் பற்றித் தவறான விவரம் அளித்த குற்றத்தை ஒப்புக்கொண்டு, 63 கோடி டாலருக்கு மேல் செலுத்தினார்கள். 2020-இல் கம்பெனி மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

இனி, பரிசோதனைகள் நடத்தப்பட்ட முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இவ்வகை மருந்துகளுக்கு அனுமதி கோரி நடந்த பரிசோதனைகளில் பல ஏறக்குறைய 12 வாரங்களில் முடிந்தவை. அவற்றுள் பெருவழக்காயிருந்த ஒரு முறையில், முதலில் சேர்ந்த அனைவருக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். வாந்தியும் தலைசுற்றலும் தாளாதவர்களும், வலி குறையாதவர்களும் அந்தக் கட்டத்திலேயே விலகிவிட, மருந்தை ஏற்றுப் பலனும் கண்டவர்களை மட்டும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தையும் மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் அளிக்கிறார்கள். வெற்று மாத்திரைக்கு மாறியவருக்கு வலி அதிகரித்தால் அது மருந்தின் மேன்மைக்குச் சான்றாகிவிடுகிறது. உண்மையில் அது, பழகிய மருந்து திடீரென்று குறைந்ததால் உடம்பு படும் உபத்திரவமாகவும் இருக்கலாம் அல்லவா? வடிகட்டிய பின் மிஞ்சியவர்களிடம் கண்ட பலனை, வடிகட்டப்படாத நோயாளிகள் எல்லோருக்கும் உரியதென்று சொல்வது நியாயமாகாது.

நீண்ட காலப் பரிசோதனை ஒன்று கடைசியில் நடக்கத்தான் செய்தது. மினியாபொலிஸ் நகரத்தில், முன்னாள் ராணுவத்தினருக்கான வைத்திய அமைப்பைச் சேர்ந்த டாக்டர் எரின் கிரெப்ஸும் அவருடைய குழுவினரும், நாட்பட்ட முதுகுவலியோ இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மான வலியோ உள்ள 240 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அபினி வகை மருந்துகளையும் மற்றதற்குப் பாரசிட்டமால் முதலிய சாதாரண மருந்துகளையும் படிப்படியாக மாற்றி மாற்றிக் கொடுத்து, 12 மாதங்கள் கவனித்தார்கள். 2018-இல் பிரசுரமான முடிவு என்ன? அன்றாடக் காரியங்களைச் செய்யும் சக்தியில் இரு பிரிவுக்கும் வித்தியாசமில்லை. வலியின் அளவோ, பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டதில், அபினி வகை மருந்து பெற்றவர்களுக்கு 4.0, மற்றவர்களுக்கு 3.5. பக்கவிளைவுகளும் முதற்பிரிவிலேயே மிகுதி. எந்த மருந்து யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த பரிசோதனை இது என்ற குறையைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆயினும் அந்தக் குறையே வலிமையான மருந்தின்மீதுள்ள நம்பிக்கைக்குச் சாதகமாகத்தான் இருந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு, புற்றுநோயின் கொடிய வேதனையில் துடிப்பவருக்கு மார்ஃபின் கூடாதென்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நம் தேசத்தில் 1985-இன் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், வலி நிவாரணம் கிட்டாமலே எத்தனையோ நோயாளிகள் மாண்டார்கள். அந்த அநீதியைக் களையவே 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் முதலியவை அத்தியாவசிய மருந்துகளாக வகைப்படுத்தப்பட்டன. அது வேறு பிரச்சினை. இங்கே நாம் பேசுவது உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத, ஆனால் விடாத வலியைப் பற்றி.

மருந்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள் அவசியம். நீடித்து வேலை செய்யும் மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கரைக்கவோ கூடாது. மதுவோடும், தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகி நின்றுபோகலாம். ஃபென்டனில் பட்டையின்மீது வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலும், கடுங்காய்ச்சல் கண்டாலும் மருந்து அளவுக்கு மீறி உடம்பில் ஏறும். கழற்றிய பட்டையிலும் ஒரு குழந்தையைக் கொல்லும் அளவுக்கு மருந்து எஞ்சியிருக்கும். பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடுவதும் ஆபத்தே; வைத்தியரின் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆராய்ச்சியில் சேர அழைக்கப்படுகிறவருக்கு, 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகள் தெளிவான உரிமைகளை அளித்திருக்கின்றன. என்ன மருந்து, எவ்வளவு காலம், வேறு என்ன சிகிச்சை உண்டு என்பனவெல்லாம் அவருக்குப் புரியும் பாஷையில் எழுத்து மூலம் சொல்லப்பட வேண்டும். படிக்கத் தெரியாதவராயின் பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமலே விலகலாம். அதனால் அவருக்குரிய வழக்கமான சிகிச்சை தடைப்படாது. சம்மதப் பத்திரத்தில் வருஷ வருமானத்தையும், நியமனதாரரின் பெயரையும் உறவுமுறையையும் கேட்டிருப்பதைக் கண்டு சிலர் திகைப்பதுண்டு: பரிசோதனையால் மரணம் நேர்ந்தால் நஷ்டஈடு யாரைச் சேர வேண்டும் என்பதற்காகவே நியமனதாரரைக் கேட்கிறார்கள், ஆகவே அந்த இடத்தை வெற்றாக விடக் கூடாது. பரிசோதனையால் உடம்புக்குக் கேடு நேர்ந்தால் இலவச சிகிச்சையும், நிரந்தர ஊனமோ மரணமோ நேர்ந்தால் நஷ்டஈடும் உண்டு. கடுமையான கேடு எதையும், அது நேர்ந்த 24 மணி நேரத்துக்குள் ஆராய்ச்சியாளர் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும், பரிசோதனையை நடத்துவிக்கும் கம்பெனிக்கும், பரிசோதனைக்கு ஒப்புதல் அளித்த நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவித்தாக வேண்டும்.

குறைகள் இருந்தால் முதலில் நெறிமுறைக் குழுவை அணுகலாம். அதன் விலாசம் தகவல் தாளிலேயே இருக்கும். அங்கே பலனில்லையானால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுதலாம். கடையில் வாங்கிய மருந்தினால் கெடுதல் நேர்ந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் தெரிவிக்கலாம். பரிசோதனை மத்தியப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்பதை யாரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். எத்தனை வாரம், எதனோடு ஒப்பிட்டு, நடுவில் விலகியவர்களைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பீர்கள் என்ற மூன்று கேள்விகளையும் தயக்கமின்றிக் கேளுங்கள். தகவல் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் உற்றாரோடும் உங்கள் குடும்ப வைத்தியரோடும் கலந்து பேச அவகாசம் கேளுங்கள். அவகாசமும் தாளின் பிரதியும் தர மறுக்கும் இடத்தில் கையொப்பமிடாதீர்கள்.