மரத்திற்கும் மீனுக்கும் தருமமா?

"பசித்தவன் வாசலில் நிற்கையில், பத்தாயிரம் கல் தொலைவிலுள்ள காட்டிற்காகவும் கடலுக்காகவும் உண்டியல் ஏந்துவது முறையோ?" என்று வினவுவோர் நம்மிடையே உண்டு. அவ்வினாவை எள்ளி ஒதுக்குவது அறமன்று. ஈகை என்றதும் நம் மனக்கண்முன் நிற்பது ஏழையின் நீட்டிய கை. மரம் கை நீட்டுவதில்லை. மீன் நன்றி சொல்வதில்லை. ஆகவே அவற்றின்பொருட்டுக் கொடுக்கப்பெறும் பணம் யாருக்கு, எவ்வாறு பயன்படுகிறது என்று ஆராய்வது நம் கடமை. காட்டிற்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரு நிகழ்ச்சிகளைக் காண்போம்.

சிறுவர் தொடங்கிய கொடை

1987ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் ஃபாகர்விக் என்னும் சிற்றூர்ப் பள்ளியில், ஏகா கெர்ன் என்னும் ஆசிரியை தம் மாணவர்க்கு மழைக்காடுகளைப்பற்றிப் பாடம் நடத்தினார். அக்காடுகள் நாள்தோறும் அழிந்துவருவதைக் கேட்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், "நாம் என்ன செய்யலாம்?" என்று வினவினான். மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிக்கா நாட்டின் மான்டிவெர்டே மலைகளில் ஆய்வு நடத்திவந்த உயிரியல் அறிஞர் ஷாரன் கின்ஸ்மன் அப்பள்ளிக்கு வந்து படங்களைக் காட்டியபோது, அங்கே நிலத்தை விலைக்கு வாங்கிக் காடாகவே காக்க இயலும் என்பது தெரியவந்தது. பிள்ளைகள் நாடகம் நடித்தனர், பாட்டுப் பாடினர், கைப்பொருள்களை விற்றனர். முதன்முதலாக அவர்கள் திரட்டிய தொகைக்கு 6 ஹெக்டேர் காடு கிடைத்தது.

சிறு விளக்கிலிருந்து பல விளக்குகள் ஏற்றப்பெறுவதுபோல், 44 நாடுகளின் சிறுவர் இப்பணியில் கைகோத்தனர். 'சிறுவரின் நிலைத்த காடு' என்று பெயர்பெற்ற அந்நிலம் இன்று 22,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து, கோஸ்டாரிக்காவின் தனியார் காப்புக்காடுகளில் மிகப் பெரியதாகத் திகழ்கிறது. 1986இல் மான்டிவெர்டேவிலேயே தோன்றிய பாதுகாப்புக் கழகம் அதனை மேற்பார்த்துவருகிறது. ஆசிரியைக்கும் அச்சிறுவனுக்கும் 1991இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு வழங்கப்பெற்றது.

இக்கொடையால் மனிதருக்கு என்ன நன்மை? மான்டிவெர்டே மேகக்காடு, தவழ்ந்து செல்லும் முகிலின் ஈரத்தை இலைகளாலும் பாசிகளாலும் பற்றி ஓடைகளுக்கு ஊட்டுகிறது. அம்மலைகளின் நீரில் ஒரு பகுதி அரெனால் நீர்த்தேக்கத்தை அடைந்து, மின்னாற்றல் தந்து, பின்னர்க் குவானகாஸ்தே மாநிலத்தின் வறண்ட வயல்களுக்குப் பாய்கிறது. கழகத்தார் காட்டைச் சுற்றி வேலியிட்டதோடு நின்றுவிடவுமில்லை. பலத்த காற்று வீசும் அம்மலைச் சரிவுகளில் கறவை மாடுகளை நம்பி வாழ்வோர் பலர். அவர்தம் மேய்ச்சல் நிலங்களின் ஓரத்தில் காற்றைத் தடுக்கும் மரவரிசைகளை நட உதவினர். புல் செழித்தது, மாடுகளின் துயர் தணிந்தது, காட்டுப் பறவைகளுக்கும் வழித்துணை கிடைத்தது.

அரசும் வாளாவிருக்கவில்லை. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காட்டை வெட்டாது காக்கும் நில உடைமையாளர்க்கு, எரிபொருள் வரியின் ஒரு பகுதியைக் கொண்டு ஊதியம் தரும் முறை மறு ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. 1980களில் நாட்டின் பரப்பில் ஏறத்தாழக் கால்பங்காகக் குறைந்திருந்த காடு, இன்று பாதிக்கு மேல் வளர்ந்துள்ளது. உண்டியற் காசு மட்டும் இதனைச் செய்துவிடவில்லை. சட்டமும் உழவரின் ஒத்துழைப்பும் அதனோடு சேர்ந்தமையாலேயே இது கைகூடிற்று.

கடனிலிருந்து பிறந்த கடற்காப்பு

இந்துமாக்கடலில் 115 தீவுகளாகச் சிதறிக்கிடக்கும் சிறு நாடு செஷல்ஸ். அதன் மக்கட்டொகை ஏறத்தாழ ஓர் இலட்சமே. ஆனால் அதன் உரிமைக்குட்பட்ட கடலோ 13 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. மீனையும் சுற்றுலாவையும் நம்பி வாழும் அந்நாடு, 2008இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது தத்தளித்தது. கடன்பட்டவன் வீட்டில் முதலில் விலைபோவது மரமும் மாடும் என்பதை நாம் அறிவோம். கடன்பட்ட நாடும் அவ்வாறே தன் காட்டையும் கடலையும் விற்க நேர்கிறது.

இங்கே ஈகை வேறொரு வடிவம் எடுத்தது. அமெரிக்காவின் 'நேச்சர் கன்சர்வன்சி' என்னும் அறநிறுவனம், கொடையாளர் நல்கிய 50 இலட்சம் டாலரோடு ஒரு கோடியே 52 இலட்சம் டாலர் கடனும் திரட்டி, செஷல்ஸ் பட்டிருந்த 2 கோடியே 16 இலட்சம் டாலர் கடனை 2016இல் தள்ளுபடி விலைக்குத் தீர்க்க வழிசெய்தது. அயல்நாடுகளுக்குக் கட்டவேண்டிய தவணைகளை அரசு இப்போது அந்நாட்டிலேயே அமைந்த ஓர் அறக்கட்டளைக்குக் கட்டுகிறது. அத்தொகையில் ஒரு பகுதி கடற்காப்புப் பணிகளுக்கும், ஒரு பகுதி வருங்காலத்திற்கான மூலதனத்திற்கும் செல்கிறது.

கைம்மாறாக அரசு அளித்த வாக்குறுதி, தன் கடலில் 30 விழுக்காட்டைக் காப்பதாகும். மீனவர், சுற்றுலாத் தொழிலினர், அறிவியலார் ஆகியோருடன் பல ஆண்டுகள் கலந்து பேசியபின், 2020 மார்ச்சு மாதத்தில் அவ்வாக்கு நிறைவேறிற்று. 2012இல் ஒரு விழுக்காட்டிற்கும் மிகக் குறைவாயிருந்த காப்புக்கடல், 4 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேலாயிற்று. ஓர் இலட்சம் அளவிலான பேராமைகள் வாழும் அல்டாப்ரா பவளத்தீவைச் சூழ்ந்த கடலும் அதனுள் அடங்கும். கருவுற்ற மீனுக்கு ஒதுங்க இடமிருந்தால்தான் நாளைய வலையில் மீன் விழும். ஆதலால் இக்காப்பு மீனவனுக்கும் உரியதே.

பணத்தால் ஆகாதது

நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். மான்டிவெர்டே மலைமுகட்டில் மட்டுமே வாழ்ந்தது பொன்னிறத் தேரை. 1987இல் ஆயிரத்துக்கு மேற்பட்டவை காணப்பெற்றன. 1988இல் ஒரு சிலவே தென்பட்டன. 1989இல் ஒன்றே ஒன்று; அதன்பின் எவரும் கண்டிலர். 2004இல் அது அற்றுப்போன இனமாக அறிவிக்கப்பெற்றது. அது வாழ்ந்த இடம் முன்னரே காப்புக்காடாக இருந்தது. கோடரி அதனைத் தீண்டவில்லை. தொற்றிப் பரவும் பூஞ்சை நோயும், மாறிவரும் தட்பவெப்பமும் காரணம் என்பர் அறிஞர்.

நிலத்தை விலைக்கு வாங்கலாம். முகிலையும் காற்றையும் வாங்கவியலாது. புகையைக் கக்கும் வாழ்க்கைமுறையை மாற்றாமல், தொலைவிலுள்ள காட்டிற்குக் காசோலை அனுப்பி மனச்சான்றை உறங்கவைப்பது ஈகையாகாது.

கொடுப்போர் கேட்க வேண்டியவை

ஆதலின் இத்தகைய பணிக்குப் பொருள் ஈவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. முதலாவது: அங்கு வாழும் மக்களைக் கேட்டறிந்தே இத்திட்டம் வகுக்கப்பெற்றதா? காட்டைக் காப்பதாகச் சொல்லிக் காட்டுவாசியைத் துரத்துவதும், கடலைக் காப்பதாகச் சொல்லிக் கட்டுமரக்காரனின் வலையைப் பறிப்பதும் தருமமாகா. இரண்டாவது: நிலம் வாங்கிய பின்னர்க் காவலர்க்கு ஊதியம் தர நிலையான நிதி உண்டா? திறப்பு விழாவிற்குக் கொடுப்போர் பலர். ஆண்டுதோறும் காவற்கூலி கொடுப்போர் சிலர். மூன்றாவது: வரவு செலவுக் கணக்கு யாவரும் காண வெளியிடப்பெறுகிறதா?

இம்மூன்றிற்கும் நேரான விடை கிடைக்குமாயின், அக்கொடை ஏழையின் பங்கைப் பறிக்கவில்லை என்று துணிந்து கூறலாம். ஓடை வற்றினால் முதலில் குடம் ஏந்தி அலைபவள் ஏழை வீட்டுப் பெண். மீன்வளம் குன்றினால் முதலில் அடுப்பு அணைவது மீனவன் குடிசையில். வாசலில் நிற்பவனுக்கு இன்று சோறிடுவோம். அதில் குறை வேண்டா. அவன் பிள்ளை நாளை அதே வாசலில் வந்து நில்லாதிருக்க, ஊற்றுக்கும் கடலுக்கும் நம் கையிலுள்ளதில் ஒரு சிறு பங்கை ஒதுக்குவதும் அவனுக்கு நாம் செலுத்தவேண்டிய கடனே.