எலி வந்த தீவு, எலி போன தீவு

1918 ஜூன் வரை லார்ட் ஹோவ் தீவில் கருப்பு எலி கிடையாது. ஆஸ்திரேலியக் கரைக்குக் கிழக்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தள்ளி, டாஸ்மன் கடலில் கிடக்கும் சின்னத் தீவு அது. நீளம் 10 கிலோமீட்டர்தான். மனிதரோடு வந்து சேர்ந்த சுண்டெலி போன்றவற்றை விட்டுவிட்டால், அங்கே பாலூட்டி என்று சொல்ல வௌவால் மட்டுமே உண்டு. அதனால் தரையில் ஊர்கிற உயிர்கள் பல்லுக்கும் நகத்துக்கும் அஞ்சாமல் வாழ்ந்தன. குச்சிப்பூச்சியும் அப்படித்தான். 15 சென்டிமீட்டர் வரை வளரும் அதற்கு இறகு கிடையாது. கருத்துப் பளபளக்கும் தடித்த உடல். பகலெல்லாம் மரப்பொந்தில் ஒண்டிக்கிடந்து, இரவில் இலை மேய வெளியே வரும். மீன் பிடிக்கப் போகிறவர்கள் அதைப் பிடித்துத் தூண்டிலில் கோத்தார்கள். இரைக்கு எடுத்தும் குறையாத அளவுக்கு அது மலிந்திருந்தது.

அந்த ஜூனில் மகாம்போ என்ற கப்பல் கரையில் தட்டி நின்றது. பழுது பார்த்து மிதக்கவிட ஒன்பது நாள் பிடித்தது. அதற்குள் எலிகள் இறங்கிவிட்டன. 1920 வாக்கிலேயே குச்சிப்பூச்சி கண்ணில் படாமல் போயிற்று. வேறெங்கும் இல்லாத ஐந்து பறவை இனங்களும் அடுத்தடுத்து ஒழிந்தன. எலி வாலுக்குக் காசு என்று அறிவித்துப் பார்த்தார்கள். வேட்டையாட ஆந்தைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆந்தையும் பெருகியது, எலியும் பெருகியது.

தீவிலிருந்து தென்கிழக்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், கடலிலிருந்து 550 மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழும் ஒரு பாறை இருக்கிறது. பெயர் பால்ஸ் பிரமிட். 1964-இல் அதில் ஏறப் போனவர்கள் ஒரு குச்சிப்பூச்சியின் உடலைக் கண்டு படம் எடுத்தார்கள். உயிரோடு ஒன்றும் அகப்படவில்லை. 2001-இல் டேவிட் பிரிடெல், நிக்கலஸ் கார்லைல் ஆகிய ஆய்வாளர்களின் குழு அங்கே போனது. பகலில் தென்பட்டவை புதிய எச்சங்கள் மட்டுமே. பூச்சி இரவில்தான் வெளிவரும் என்பதால், இருட்டியபின் விளக்கோடு அதே செங்குத்தில் மறுபடி ஏறினார்கள். மெலலூகா புதர் ஒன்றில் உயிருள்ள பூச்சிகள் இருந்தன! பின்னர் நடந்த கணக்கெடுப்பில் 24 தேறின. உலகத்தில் அந்த இனத்துக்கு மிஞ்சியிருந்ததாகத் தெரிந்தது அவ்வளவுதான்.

2003-இல் இரண்டு ஜோடிகளை மட்டும் எடுத்துவந்தார்கள். ஒரு ஜோடி சில வாரங்களில் இறந்தது. மற்றது மெல்போர்ன் விலங்குக் காட்சிசாலைக்குப் போனது. ஆதாம், ஏவாள் என்று பெயர் வைத்தார்கள். ஏவாள் நோயில் சுருண்டபோது, பராமரிப்பாளர் பாட்ரிக் ஹோனன் சுண்ணாம்புச் சத்தும் இனிப்பும் கலந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக அதன் வாயில் விட்டுப் பிழைக்கவைத்தார். இன்று கூண்டுகளில் பிறந்திருக்கும் ஆயிரக்கணக்கான பூச்சிகளில் பெரும்பாலானவை அந்த ஜோடியின் வழிவந்தவை. பாறையில் கிடைத்தது பழைய தீவுப் பூச்சிதானா என்ற சந்தேகமும் இருந்தது. உருவத்தில் சில வேறுபாடுகள் தெரிந்தன. அருங்காட்சியகத்தில் இருந்த பழைய உடல்களின் மரபணுவோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே இனம் என்று 2017-இல் உறுதி செய்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஏவாள் பிழைத்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதை. கூண்டில் எத்தனை ஆயிரம் பிறந்தாலும், திரும்பிப் போக வீடு இல்லாத இனம் அகதியாகத்தானே இருக்கும்? கடினமான பாதி தீவில் நடந்தது. சில நூறு பேர் வாழும் ஊரில், எலிகளை அடியோடு ஒழிக்க வீட்டு முற்றங்களில்கூட நஞ்சுப் பெட்டி வைக்க வேண்டும் என்றபோது குழந்தைகளையும் பசுக்களையும் நினைத்துப் பலர் எதிர்த்தார்கள். அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுக்கணக்காகப் பேசி, வாக்கெடுத்து, 2019-இல்தான் வேலை தொடங்கியது. குடியிருப்புப் பகுதிகளில் பெட்டிகளிலும், மலைகளில் ஹெலிகாப்டரிலிருந்தும் சுமார் 42 டன் நஞ்சூட்டிய தீனி போடப்பட்டது. அந்தத் தீனியைத் தின்று மடிந்துவிடாதபடி, தீவுக்கே உரிய பறக்காத காட்டுக்கோழியை முன்கூட்டியே பிடித்து அடைத்துக் காத்தார்கள்.

இப்போது காட்டுக்கோழி முன்பிருந்ததைவிட இரு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. எலி ஒழிந்தது என்று எண்ணியிருந்த நேரத்தில், 2021-இல் இரண்டு எலிகள் தென்பட்டபோது ஊரே பதறியது. உடனே தேடி வேட்டையாடினார்கள். வந்திறங்கும் சரக்கை மோப்ப நாய்கள் சோதிக்கின்றன.

குச்சிப்பூச்சி இன்னும் முறையாகக் காட்டுக்குத் திரும்பவில்லை. பாறையில் மிச்சமிருக்கும் புதர்களைக் களைக்கொடிகள் மூடி நெருக்குகின்றன. ஒரு பெரிய மண்சரிவு போதும், அங்கே கதை முடிந்துவிடும். கூண்டிலோ ஒரே ஜோடியின் இரத்தம். அதைச் சரிக்கட்டப் பாறையிலிருந்து பின்னால் இன்னொரு பெண் பூச்சியையும் கொண்டுவந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்த பூச்சி பறவைக்கு ஒளியவும் பொந்து தேடவும் தெரிந்துகொள்ளுமா என்பதைத் தீவின் காட்டில் விட்டுத்தான் பார்க்க முடியும். முதலில் சில நூறு இறக்கலாம். அதைத் தாங்கத்தான் இத்தனை ஆயிரம் வளர்க்கிறார்கள்.