வார்டுக்கு வரச் சம்மதமா?

இரத்தநோய்ச் சிகிச்சைக்காக மலேசியாவின் பல மூலைகளிலிருந்தும் நோயாளிகளை அனுப்பும் இடம் அம்பாங் மருத்துவமனை. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருப்பவருக்குச் சாதாரணச் சளியே ஆபத்து. அப்படியொரு வார்டில் பயிற்சிக்கு நிற்கும் தாதி மாணவிக்குக் கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் இரண்டு பயம். தனக்குத் தொற்றுமோ என்பது ஒன்று. தன்னால் நோயாளிக்குத் தொற்றிவிடுமோ என்பது மற்றொன்று. ஒதுங்கி நிற்பவரைக் கோழை என்பவர்கள் இந்த இரண்டாவது பயத்தை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலானதும் கல்லூரிகள் மூடப்பட்டன, மாணவர்களின் வார்டுப் பயிற்சியும் தடைபட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 26-இல் நாட்டில் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று உறுதியானது. அதற்கு முந்தைய வாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகளில் கட்டிலும் போதவில்லை, ஆளும் போதவில்லை.

மாணவர்களை அழைத்தால் என்ன? சொல்வது எளிது. தாதியர் வாரியத்தில் பதிவு பெறும்வரை மாணவி மேற்பார்வையில்தான் வேலை செய்ய முடியும். ஏற்கெனவே களைத்துப்போன மூத்த தாதி அவரையும் கவனிக்க வேண்டும்.

மனம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 2005-இல் வெளியான நியூயார்க் வட்டார ஆய்வொன்று, பேரிடர்களின்போது வேலைக்கு வருவீர்களா என்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவ ஊழியர்களைக் கேட்டது. பனிப்புயல் என்றால் 80 விழுக்காட்டினர் தயார். சார்ஸ் என்றால் 48 விழுக்காட்டினர்தான். தயக்கத்துக்கு முதல் காரணம், தனக்கும் வீட்டாருக்கும் என்ன ஆகுமோ என்ற அச்சம். கனடாவின் அல்பெர்ட்டாவில் தாதி மாணவர்களைக் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கினர் வருவோம் என்றார்கள். பாதுகாப்பு உடை தருவோம் என்றதும் அந்த எண்ணிக்கை இன்னும் ஏறியது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மாணவியின் துணிச்சலில் ஒரு பங்கு மருத்துவமனையின் ஸ்டோரில் இருக்கிறது.

மீதிப் பங்கை அரசுகள் வெவ்வேறு விதமாகத் தேடின. 2021 மே 3-இல் இந்திய அரசு, கோவிட் பணிக்கு வருவோருக்குத் தடுப்பூசியும் காப்பீடும் உண்டு, 100 நாள் முடித்தால் அரசு வேலையில் முன்னுரிமையும் உண்டு என்று அறிவித்தது. இங்கிலாந்து 2020-இலேயே இன்னும் தெளிவாக இருந்தது. கடைசி ஆறு மாதப் படிப்பில் இருந்த தாதி மாணவர்கள் விரும்பினால் சம்பளத்தோடு வார்டுக்கு வரலாம் என்றது. அந்த வேலை நேரம் பயிற்சிக் கணக்கிலும் சேர்ந்தது.

பிடிபிடிஎன் எனும் அரசுக் கல்விக் கடனில் படிக்கும் மலேசிய மாணவிக்கு அந்தக் கடைசி வரி சில்லறை விஷயமல்ல. பயிற்சி நேரம் குறைந்தால் படிப்பு நீளும், வேலை தள்ளிப்போகும். அம்பாங் அடுக்குமாடியில் பாட்டியோடு ஒரே அறையில் படுப்பவராக இருந்தால், இரவு எங்கே தங்குவது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். சம்மதப் படிவத்தில் கையெழுத்துக்கு இடம் விடுபவர்கள், இந்த இரண்டுக்கும் பதில் எழுத ஒரு பத்தியாவது விட வேண்டும்.