பிப்ரவரியின் முதல் கோப்பை

ஜனவரி முழுக்க மதுவைத் தொடாமல் இருந்தவர்கள் பிப்ரவரி பிறந்ததும் எந்த பாருக்குப் போகலாம் என்ற பேச்சு லண்டனில் ஆண்டுதோறும் கிளம்பும். எந்தக் கடையில் காக்டெயில் ருசிக்கும், எங்கே கூட்டம் களைகட்டும் என்று பட்டியல்களும் வரும். மாதம் முழுக்க ஓய்வில் இருந்த கல்லீரலுக்கு எந்த இடம் நல்லது என்று கேட்பவர்கள் குறைவு. உடல்நலம் என்று பார்த்தால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அந்த ஒரு மாதத்தின் பலன் நிலைப்பதும் கரைந்துபோவதும் விரதம் முடிந்த பிறகு எப்படிக் குடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

விரதம் பிறந்த கதை

'டிரை ஜனவரி' என்ற இந்த இயக்கத்தை 2013-ல் பிரிட்டனின் 'ஆல்கஹால் கன்சர்ன்' என்ற தொண்டு நிறுவனம் தொடங்கியது. முதல் ஆண்டில் பதிவு செய்தவர்கள் சுமார் 4,000 பேர். இன்று 'ஆல்கஹால் சேஞ்ச் யுகே' என்ற பெயரில் இயங்கும் அமைப்பு இதை நடத்துகிறது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துகளில் அளவு மீறிப்போன குடிக்கு ஒரு மாத இடைவெளி விடுவதுதான் இதன் அடிப்படை.

நமக்கும் இது புதிதல்ல. சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் விரதம் இருக்கும்போது குடியை அறவே விட்டுவிடுகிற பலரை நாம் அறிவோம். மாலையைக் கழற்றிய வாரத்திலேயே பழையபடி தொடங்கிவிடுகிறவர்களையும் அறிவோம். இரண்டிலும் விட்டிருக்கும் நாட்களைவிட, விட்ட பிறகு வரும் நாட்களே கடினமானவை.

முப்பது நாளில் உடலில் என்ன நடக்கிறது?

லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை ஆய்வாளர்கள், மிதமாகவும் அதற்கு மேலும் குடித்துவந்த 94 பேரை ஒரு மாதம் மதுவை நிறுத்தச் சொல்லிப் பரிசோதித்தார்கள். 2018-ல் வெளியான அந்த முடிவுகளின்படி, இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ரத்த அழுத்தம் இறங்கியது. உடல் எடை சராசரியாக 1.5 சதவீதம் குறைந்தது. உணவிலோ உடற்பயிற்சியிலோ பெரிய மாற்றம் எதுவும் இல்லாமலே இவ்வளவும் நடந்தது.

தூக்கமும் சீராகிறது. குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும் என்பது உண்மைதான். ஆனால் பின்னிரவில் அந்தத் தூக்கம் கலைந்து கலைந்து போகும். கனவு காணும் நிலைத் தூக்கமும் குறையும். மதுவை நிறுத்தியவர்கள் முதலில் கவனிக்கும் மாற்றங்களில் ஒன்று, காலையில் தெளிவாக எழுந்திருப்பது. மதுவில் ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7 கலோரி இருப்பதால் தொப்பைக்குப் போகும் கணக்கும் குறைகிறது.

பழைய அளவு இப்போது தாங்காது

தினமும் குடிப்பவரின் மூளையும் கல்லீரலும் அந்த அளவுக்குப் பழகிவிடுகின்றன. மூன்று பைன்ட் (பிரிட்டன் பார்களில் பீர் ஊற்றும் பெரிய கோப்பை) பீர் குடித்தும் நிதானமாக இருக்கிறேன் என்று அவர் சொல்வது அந்தப் பழக்கத்தால்தான். ஒரு மாதம் நிறுத்தினால் அது தளர்ந்துவிடும். அதே மூன்று பைன்ட் இப்போது தலைக்கேறும், கால் தடுமாறும், வாந்தி வரும். விரதம் முடிந்த கொண்டாட்டத்தில் விழுந்து அடிபடுவதும் வாகனத்தில் சிக்குவதும் இதனால் நேரலாம். முதல் மாலையில் பழைய அளவில் பாதியைக்கூடத் தொடாமல் எழுந்துவிடுவதே நல்லது.

கோப்பையில் எத்தனை யூனிட்?

பிரிட்டனில் மதுவை யூனிட் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு யூனிட் என்பது 8 கிராம் ஆல்கஹால். 4 சதவீத பீர் ஒரு பைன்ட் 2.3 யூனிட், 13 சதவீத ஒயின் 175 மில்லி குடித்தாலும் அதே அளவுதான். 40 சதவீத விஸ்கி 25 மில்லி என்றால் ஒரு யூனிட். நம்மூர் 'லார்ஜ்' 60 மில்லி. அது இரண்டரை யூனிட்டைத் தொட்டுவிடும்.

ஆணோ பெண்ணோ, வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டக் கூடாது, அதையும் ஒரே நாளில் குடிக்காமல் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நாட்களில் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது 2016-ல் பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் சொன்ன வரம்பு. இது அனுமதிச் சீட்டு அல்ல. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களுக்கும் மதுவுக்கும் தொடர்பு உண்டு.

கல்லீரல் ஒரு யூனிட்டைக் கரைக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும். இரவு 11 மணிக்கு மூன்று பைன்ட்டோடு எழுந்தவரின் ரத்தத்தில் விடியற்காலை வரை ஆல்கஹால் இருக்கக்கூடும். காபியும் குளியலும் அதைக் குறைக்காது. காலையில் கார் சாவியை எடுப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

எந்த பாருக்குப் போவது?

போகத்தான் வேண்டும் என்றால், மது இல்லாத பானங்களை மதிக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். லண்டன் மேரில்போன் பகுதியில் 2023-ல் திறக்கப்பட்ட 'தி லக்கி செயின்ட்' என்ற பப்பை நடத்துவதே ஆல்கஹால் இல்லாத பீர் தயாரிக்கும் நிறுவனம். வழக்கமான மதுவும் அங்கே உண்டு. ஆனால் மது வேண்டாம் என்பவர் ஓரமாக ஜூஸ் டம்ளரோடு உட்கார வேண்டியதில்லை. மற்ற பப்களிலும் கின்னஸ் 0.0, ஹைனகென் 0.0 போன்றவை இப்போது பரவலாகக் கிடைக்கின்றன.

இது திடீரென முளைத்த வழக்கமும் அல்ல. மதுவிலக்கு இயக்கம் 19-ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய வட இங்கிலாந்தில் 'டெம்பரன்ஸ் பார்' என்ற மதுவற்ற கடைகள் இருந்தன. லங்காஷயரின் ராட்டன்ஸ்டால் ஊரில் உள்ள 'ஃபிட்ஸ்பேட்ரிக்ஸ்' அந்த மரபில் வந்த கடை. நம் நன்னாரி சர்பத்தை நினைவூட்டும் சார்சபரில்லா பானம் அங்கே பெயர்பெற்றது.

எங்கே போனாலும் சிலவற்றைக் கவனியுங்கள். சாப்பாடு கிடைக்கும் இடமாக இருக்கட்டும். வெறும் வயிற்றில் ஆல்கஹால் வேகமாக ரத்தத்தில் ஏறும். சிறிய அளவைக் கேட்டு வாங்குங்கள். அரை பைன்ட் பீர், 125 மில்லி ஒயின் போன்ற சிறிய அளவுகளை வைத்திருக்க வேண்டும் என்பதும், கேட்டால் குடிதண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் இங்கிலாந்து பார்களுக்கான உரிம விதிகள். ஒவ்வொரு கோப்பைக்கும் நடுவே ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

முக்கியமாக, 'ரவுண்டு' முறையில் சேராதீர்கள். ஒருவர் மாற்றி ஒருவர் எல்லோருக்கும் வாங்கித் தரும் இந்தப் பழக்கத்தில், கூட்டத்தில் வேகமாகக் குடிப்பவரின் வேகத்துக்கு மற்றவர்களும் இழுபடுகிறார்கள். "எனக்கு நானே வாங்கிக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

யார் விலகியிருக்க வேண்டும்?

கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், தூக்க மாத்திரையோ வலிப்பு மருந்தோ எடுப்பவர்கள் மது அருந்தக் கூடாது. குடிநோயிலிருந்து மீண்டுவருபவர்களுக்கு மதுவற்ற பீரின் வாசனையே ஆசையைக் கிளப்பலாம். அவர்கள் பார் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர், காலையில் கை நடுங்குபவர், திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

பிப்ரவரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், டிரை ஜனவரி கடைப்பிடித்தவர்கள் ஆகஸ்ட் மாதத்திலும் முன்பைவிடக் குறைவாகவே குடித்தது தெரியவந்தது. வாரத்தில் குடிக்கும் நாட்கள் சராசரியாக 4.3-லிருந்து 3.3-ஆக இறங்கியிருந்தன. ஒரு மாத ஒழுக்கம் பல மாதங்களுக்குக் கைகொடுக்கும் என்பதற்கு இது சான்று. முப்பத்தொரு நாள் மது இல்லாமல் இருந்து காட்டியவருக்கு முப்பத்திரண்டாவது நாளும் முடியும். நண்பர்களைச் சந்தியுங்கள், பாருக்கும் போங்கள். முதல் கோப்பையை மட்டும் மது இல்லாததாகக் கேளுங்கள். இரண்டாவது தேவையா என்பதைத் தெளிந்த மனதோடு நீங்களே முடிவு செய்யுங்கள்.