உங்களுக்குத் தெரியுமா? வைக்கோலில் விளையும் கறி!

● காளான் செடி அல்ல, பூஞ்சை. பச்சையம் இல்லாததால் வெயிலில் உணவு சமைக்க அதற்குத் தெரியாது. வைக்கோலுக்குள் வெள்ளை நூலாய் ஓடுகிறதே, அதுதான் அதன் உடல். நாம் பறிப்பது கனியை மட்டும்.

● ‘பெர்மாகல்ச்சர்’ என்ற சொல்லை 1970களில் உருவாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும். இயற்கையை ஒட்டி நடக்கும் அந்தப் பண்ணை முறையில் எதுவும் வீணாகக் கூடாது. காளானோ வீணாவதைத் தின்றே வளர்கிறது!

● மரத்துக்கும் வைக்கோலுக்கும் விறைப்பைத் தருவது லிக்னின். பெரும்பாலான நுண்ணுயிர்கள் தொடத் தயங்கும் அதைச் சிப்பிக் காளான் தன் நொதிகளால் உடைத்துவிடும்.

● காளான் விதை உண்மையில் விதையே அல்ல. வேகவைத்த சோளத்தில் படரவிட்ட பூஞ்சை இழைதான் அது. நனைத்து, வேகவைத்து, ஈரம் வடித்த வைக்கோலையும் அதையும் பையில் அடுக்கடுக்காகப் போட்டால் படுக்கை தயார்.

● நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது பால் காளான். 30 முதல் 35 டிகிரி வெப்பத்திலும் நன்றாக விளையும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ‘ஏபிகே 2’ இந்த வகைதான்.

● சிப்பிக் காளான் வேட்டையும் ஆடும்! மரத்தில் தழைச்சத்து குறைவு. அதனால் நூற்புழுக்களை நஞ்சால் செயலிழக்கச் செய்து, உடலுக்குள் இழையைச் செலுத்திச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

● மனிதருக்கு முன்பே காளான் பயிரிட்டது கறையான். புற்றுக்குள் தோட்டம் போட்டுப் பூஞ்சை வளர்க்கிறது. மழை பெய்ததும் முளைக்கும் புற்றுக் காளான் அந்தத் தோட்டத்து விளைச்சல்தான்.

● பறித்த காளானைச் சமைக்கும் முன் சற்று நேரம் வெயிலில் வையுங்கள். அதில் வைட்டமின் டி கூடும்.

● பூச்சி கடித்த காட்டுக் காளான் நல்லது என்று நம்பிப் பறிக்காதீர்கள். பூச்சிக்கு ஒத்துக்கொள்வது நம் உயிரைக் குடிக்கலாம். உறுதியாக இனம் தெரியாததைத் தொடவே வேண்டாம்.

● அறுவடை முடிந்த படுக்கையை எரிக்காதீர்கள். பையை உருவிவிட்டு மண்புழுத் தொட்டியில் போடலாம். மட்கவைத்து வாழைக்கும் கத்தரிக்கும் எருவாக இடலாம். வயலில் விளைந்த வைக்கோல் நமக்கும் ஒரு வேளைக் கறி கொடுத்துவிட்டு, மண்ணுக்கே திரும்பட்டும்.