மூக்கு வழியே பெப்டைடு மருந்து: உறிஞ்சுதலைக் கூட்டும் துணைப்பொருள்கள் செயல்படுவது எப்படி?

இன்சுலின், குளுக்ககான், கால்சிட்டோனின் போன்ற பெப்டைடு மருந்துகளை விழுங்கினால், செரிமான நொதிகள் அவற்றைச் சிதைத்துவிடும். இதனால் அவை பெரும்பாலும் ஊசி மூலமே செலுத்தப்படுகின்றன. இதற்கு மாற்றாக மூக்கு வழியைப் பயன்படுத்தும் முயற்சியில், 'உறிஞ்சுதல் ஊக்கிகள்' எனப்படும் துணைப்பொருள்கள் முக்கியப் பங்கு வகிக்கின்றன.

தடை என்ன?

மூக்கின் உட்சவ்வில் நுண்ணிய ரத்த நாளங்கள் நிறைந்துள்ளன. அங்கு உறிஞ்சப்படும் மருந்து, முதலில் கல்லீரலுக்குச் செல்லாமல் நேரடியாக ரத்தத்தில் கலக்கும். எனினும், மூலக்கூறு எடை சுமார் 1,000 டால்டனைத் தாண்டினால் உறிஞ்சப்படும் அளவு வெகுவாகக் குறையும். குளுக்ககானின் எடை ஏறத்தாழ 3,500 டால்டன். இன்சுலினின் எடை ஏறத்தாழ 5,800 டால்டன்.

மேலும், மூக்கிலுள்ள நுண்ணிழைகள் சளிப்படலத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால், மருந்து சுமார் 15 முதல் 20 நிமிடங்களில் அகற்றப்பட்டுவிடும். எலும்புத் தேய்மானத்துக்கான கால்சிட்டோனின் மூக்குத் தெளிப்பு மருந்தில், ஊசியுடன் ஒப்பிடுகையில் சராசரியாக 3 சதவீதமே ரத்தத்தைச் சென்றடைகிறது.

ஊக்கிகளின் பணி

பித்த உப்புகளும், சோப்பைப் போன்ற தன்மையுடைய பரப்பு இயங்கு பொருள்களும் செல்களின் கொழுப்புப் படலத்தைச் சற்றே தளர்த்தி மருந்துக்கு வழிவிடுகின்றன. இறால், நண்டு ஓடுகளிலிருந்து தயாரிக்கப்படும் கைட்டோசான் நேர்மின்னூட்டம் கொண்டது. அது எதிர்மின்னூட்டமுள்ள சளிப்படலத்தில் ஒட்டிக்கொண்டு மருந்தைக் கூடுதல் நேரம் தக்கவைப்பதுடன், செல்களுக்கு இடையேயான இறுக்கமான இணைப்புகளைத் தற்காலிகமாகத் திறக்கிறது.

உயிர்காக்கும் தூள்

சர்க்கரை அளவு கடுமையாகக் குறைந்து நோயாளி மயங்கினால், குளுக்ககான் அவசர மருந்தாகும். முன்பு, பதற்றத்தில் இருக்கும் குடும்பத்தினரே தூளைத் திரவத்தில் கரைத்து ஊசி போட வேண்டியிருந்தது. மூக்கில் செலுத்தும் குளுக்ககான் தூளுக்கு 2019 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. இதில் டோடெசைல்பாஸ்போகோலின் என்ற ஊக்கி சேர்க்கப்பட்டுள்ளது. நோயாளி மூச்சை உள்ளிழுக்க வேண்டிய அவசியமில்லை.

ஆயினும், ஊசியில் 1 மில்லிகிராம் போதுமான இடத்தில், மூக்கு வழியே 3 மில்லிகிராம் தேவைப்படுகிறது. ஊக்கி தடையைக் குறைக்கிறதே தவிர, முற்றிலும் அகற்றுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

இன்சுலினில் சிக்கல்

பித்த உப்புகளுடன் கூடிய இன்சுலின் 1980-களிலேயே மனிதர்களிடம் மூக்கு வழியாகச் சோதிக்கப்பட்டது. ரத்தச் சர்க்கரை குறைந்தபோதிலும், மூக்கில் எரிச்சல் ஏற்பட்டது. குளுக்ககான் எப்போதாவது ஒருமுறை தேவைப்படும் மருந்து என்பதால், தற்காலிக எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். இன்சுலினோ நாள்தோறும், பல ஆண்டுகளுக்குத் தேவைப்படுவது. சவ்வைத் தொடர்ந்து தளர்த்தினால் அது சேதமடையக்கூடும். நோய்க்கிருமிகளுக்கு எதிரான தடுப்பும் பலவீனமடையலாம். உறிஞ்சப்படும் அளவு வேளைக்கு வேளை மாறினால், சர்க்கரை கட்டுப்பாடும் குலையும்.

இந்தியாவில் 2024 டிசம்பரில் அனுமதி பெற்ற இன்சுலின் தூள், வாய் வழியாக உள்ளிழுக்கப்பட்டு நுரையீரலில் உறிஞ்சப்படுவதாகும். அது மூக்கு மருந்து அல்ல.

எனவே, ஓர் ஊக்கியை மதிப்பிடும்போது எவ்வளவு மருந்து உள்ளே செல்கிறது என்பதுடன், சவ்வு எவ்வளவு விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதும் கணக்கில் கொள்ளப்படுகிறது.